சம்பந்திக்குச் சொன்ன பதினைந்து ஏக்கர்

காரிமங்கலம் பக்கமிருந்து,
செவ்வாய்க்கிழமை.

சம்பந்தி ஆகப்போகும் (இதைப் படித்த பிறகும் ஆவதாக இருந்தால்) மரியாதைக்குரிய வெங்கடாசலம் அவர்களுக்கு நஞ்சப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்களும் மாடுகளும் சுகம். அதியமான்கோட்டையில் தங்கள் வீட்டார் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் என் நாக்கு மறுபடியும் ஏக்கரைக் கூட்டிவிடும் என்பதால் கடிதம்.

வெள்ளிக்கிழமை சம்பந்தத்தை உறுதி செய்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்க வருகிறீர்கள். போன மாதம் பையனைப் பார்க்க வந்தபோது, பஸ் நிறுத்தத்திலேயே உங்களை நிறுத்தி, "அந்தக் கரட்டடியில இருந்து இந்தப் புளியமரம் வரைக்கும் நம்முதுதாங்க, பதினஞ்சு ஏக்கரு" என்று கையை வீசினேன் அல்லவா? நிலம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். அதிலும் பாதி பாறை. வீசிய கையை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் போய்விட்டது.

சும்மா இருந்திருந்தால் மூடி மறைத்திருப்பேன். சரிவில் ஓடிப்போகும் மழைத்தண்ணீரைத் தேக்க, சிறு விவசாயிக்கு அரசாங்கமே பண்ணைக்குட்டை வெட்டித் தருகிறது என்றார்கள். ஆசை விடுமா? பெண் பேச்சு எடுக்கும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். நீங்கள் வந்து போன பிறகு வந்து, குட்டையை நல்லாத்தான் வெட்டினார்கள். கூடவே, வெள்ளிக்கிழமை நீங்கள் பஸ் இறங்கி வரும் ரோட்டோரம் சிமெண்டில் ஒரு பலகை: 'பயனாளி நஞ்சப்பன், சிறு விவசாயி, 2.40 ஏக்கர்.' ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவு. "பலகையக் குட்டைக்குப் பின்னாடி வெச்சுக்கலாமுங்களா?" என்று ஓவர்சியரம்மா அமுதவல்லியிடம் கெஞ்சினேன். "நாலு பேரு பாக்கத்தாங்க பலகையே" என்றுவிட்டார். அவரைக்கொடி ஏற்றினேன், ஆடு தின்றது. என் சம்சாரம் கோவிந்தம்மாளின் சீலையைக் காயப்போடுவதுபோல் போர்த்தினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதை உருவிப் போட்டுவிட்டு, பலகைமேல் கை வைத்து நிற்கச் சொல்லி என்னைப் போட்டோ பிடித்தார். "சிரிங்க" என்றார். சிரித்துத் தொலைத்தேன். "பலகைக்குச் சீல கட்டுற நேரத்துக்கு, உள்ளதச் சொல்லிட்டா என்னங்க?" என்று கோவிந்தம்மாள் திட்டினாள்.

பயமா இருக்குதுங்க. என் வாய்க்கொழுப்புக்காக எங்க பையன் சிவக்குமாரைத் தள்ளிடாதீங்க. அவனுக்குப் பொய்யே வராதுங்க, இருபத்தெட்டு வருசமா நானும் சொல்லிக் குடுத்துப் பாத்துட்டேன். உங்க பூவிழியை எங்க வூட்டுப் புள்ளையாட்டம் வெச்சுக்குவோம்.

பூவிழிக்கு எங்கள் ஆசியும், தங்கள் இல்லத்தாருக்கு வணக்கமும்.

இப்படிக்கு,
2.40 ஏக்கர் நஞ்சப்பன்.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் சிவக்குமார் இதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிறு விவசாயி சான்றுக்காக அவன் மூன்று தடவை அலைந்த இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் தட்டினது பூவிழிதானாம். அங்கேதான் பழக்கமாம். என் பட்டா அவளுக்கு மனப்பாடமாம். நாங்கள் பெண் கேட்கும் முன்பே உங்களிடமும் சொல்லிவிட்டாளாம். அப்படியென்றால் அன்று, முகம் கொஞ்சமும் மாறாமல், "பதினஞ்சு ஏக்கருக்குத் தண்ணி வசதி எப்பிடிங்க?" என்று தெரிந்துகொண்டேதான் கேட்டீர்களா? நான் வேறு "மூணு கெணறுங்க" என்றேன். கிணறும் இல்லைங்க.