சர்வரை ஏழாம் பிராகாரத்துக்கு ஏற்றிய கதை

“காலை 9.40. சர்வர் ஐந்தாம் நிலையிலிருந்து ஆறாம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. இது ஏன் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை.”

என் நீல அட்டை நோட்டில், ஒரு வியாழக்கிழமைக்கு உரிய பக்கத்தில், என் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது. பக்கத்தின் தலையில் ஆண்டும் இருந்தது. “அதை வெச்சுண்டு என் வயசைக் கணக்குப் போடுவா” என்று மனைவி சொன்னதால் அடித்துவிட்டேன். மற்றபடி ஆவணம் அப்படியே இருக்கிறது. யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது அன்று பதினோரு மணிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

எதைச் செய்தாலும் நாளும் மணியும் குறித்து வைப்பது என் வியாதி. பல்லைப் பிடுங்கிய நேரம்கூட என்னிடம் இருக்கிறது (பிற்பகல் 3.25, டாக்டர் 3.30 என்பார், நம்பாதீர்கள்). இந்த வியாதிக்குப் பொருத்தமான வேலையாக, மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் ஓர் ஊதுவத்தி கம்பெனியில் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சர்வர் என்றால் ஆபீஸ் முழுவதுக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர். சரக்குச் சீட்டுகள் அதிலிருந்துதான் அச்சாக வேண்டும். சீட்டு இல்லாமல் லாரி நகராது. எனக்கு முன் அதைப் பார்த்துக்கொண்டவர் பெங்களூருக்குப் போகும்போது ஒரே ஓர் அறிவுரைதான் சொல்லிவிட்டுப் போனார்: “எதையும் தொடாதீங்க.” மூன்று மாதம் தொடாமல் இருந்தேன். அது ஒரு சாதனை.

தொட நேர்ந்ததற்குக் காரணம் கல்யாணம்.

எனக்கு அதுவரை வந்த நாலு வரன்களும் ஒரே கேள்வியில் தட்டிப்போயின. “பிள்ளை என்ன பண்றான்?” என்று கேட்பார்கள். என் அம்மா, “ஏதோ ஒரு மிஷின் ஓடிண்டே இருக்கும், இவன் அதைப் பாத்துண்டே இருப்பான்” என்பாள். ஐந்தாவதாக மேல்கோட்டையில் வைதேகியைப் பார்க்கப் போனோம். புளியோதரை கொடுத்தார்கள். நான் வழக்கம்போல் நோட்டை எடுத்து நேரம் குறித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஆறாவது வரன் என்ற ஒன்று எனக்கு வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டேன் (மாலை 4.10).

ஆனால் அவள் அப்பா செல்வப்பிள்ளை சார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி காட்டுவதற்கு முன் எல்லாப் பெட்டியையும் எட்டிப் பார்ப்பவர். “வியாழக்கிழமை மைசூருக்கு வரேன். நீங்கோ வேலை பண்றதை ஒரு தரம் நேர்ல பாத்துடறேன். அப்புறம் பதில் சொல்றேன்” என்றார்.

ஆகவே வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என் சர்வர் தன் மிக உயர்ந்த நிலையில் இருந்தாக வேண்டும். நிலை என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. அந்தக் காலத்துச் சர்வர்களில் உண்மையிலேயே பூஜ்யம் முதல் ஆறு வரை ஏழு நிலைகள் உண்டு. எழுந்திருக்கும்போது எந்த நிலையில் போய் நிற்க வேண்டும் என்று ஒரு கோப்பில் ஒரே ஓர் எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஃபோல்டர். அந்த நிலைக்குப் போனதும் செய்ய வேண்டியவை அதற்குள் சின்னச் சின்னக் கட்டளைக் கோப்புகளாக வரிசையாக இருக்கும். எங்கள் சர்வரின் எண் ஐந்து.

ஏழு என்றதும் என் புத்தி நேராக ஸ்ரீரங்கத்துக்குப் போயிற்று. ஏழு பிராகாரம். வெளி வீதியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து போனால் கடைசியில் பெருமாள். என் சர்வரோ இத்தனை வருஷமாக ஐந்து என்ற எண்ணோடு ஆறாம் சுற்றிலேயே நின்றுகொண்டிருக்கிறது! இன்னும் ஒரே ஒரு வாசல்! (எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். அந்த யந்திரத்தோடு வந்த புத்தகத்தை மட்டும் படிக்கவில்லை.)

ஐந்தை அழித்து ஆறு என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வரலாற்றுக்கு ஒரு பதிவு வேண்டாமா? சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் அதோடு இணைத்திருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஒரு தாள் அச்சாகும்படி நானே ஒரு கட்டளைக் கோப்பு எழுதினேன். தாளில் எழுச்சி எண், கிழமை, நேரம், பிறகு “சர்வர் நலமாக எழுந்தது. பொறுப்பு: சம்பத்” என்று ஒரு வரி. எந்த நிலையும் விட்டுப்போகக்கூடாது என்று ஏழு ஃபோல்டர்களிலும் முதல் ஆளாக அதைப் போட்டேன். பிறகு, புது நிலைக்குப் போகட்டும் என்று சர்வரை அணைத்து எழுப்பினேன்.

9.44. பிரிண்டர் கிறீச்சிட்டது. எழுச்சி எண் 1. நலமாக எழுந்தது.

9.48. எழுச்சி எண் 2. நலமாக எழுந்தது.

9.52. எழுச்சி எண் 3.

ஆறாம் நிலை என்பதற்கு அர்த்தம் ‘அணைந்து மறுபடி எழு’ என்பது. எழுந்தால் எங்கே போவது என்று சர்வர் என் கோப்பைப் பார்க்கிறது. ஆறு. உடனே அணைகிறது. மறுபடி எழுந்து பார்க்கிறது. ஆறு. சரியாகச் சொன்னால், அது விழப்போகும் ஒவ்வொரு முறையும், விழுவதற்கு ஒரு நொடி முன்பு, நலமாக எழுந்ததாக என் பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு விழுந்தது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு நிமிஷ இடைவெளி மிகவும் சீராக இருக்கிறது என்பதுதான். அதையும் குறித்துக்கொண்டேன்.

பிரிண்டரும் பேப்பரும் முருகேசன் அண்ணன் பொறுப்பு. தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிக்காரர், ஐம்பது தாண்டியவர், ஆபீசில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே துணை.

“ஏனுங் தம்பி, இது என்னத்துக்குங் இப்படிக் கக்கீட்டே இருக்குது? பிளக்கைப் புடுங்கி உட்ரட்டுங்களா?”

“ஐயோ, வேண்டாம்ணே! பதிவு நடுவுல அறுந்துடும்.”

“பதிவுங்களா! பேப்பரு அறுந்துட்டிருக்குதுங் இங்க.”

மேனேஜர் ஷைலஜா மேடம் வந்தார். “ஏன்ரீ சம்பத், ஏனாயிது?” என்றார். என்னாச்சு என்று அர்த்தம். அவர் குரலில் அதற்கு மேலும் பல அர்த்தங்கள் இருந்தன. சேலத்துக்குப் போகும் லாரி வாசலில் நிற்கிறது, இருட்டுவதற்குள் எல்லையிலுள்ள பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும், சீட்டு எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். நான் கன்னடத்தில், சர்வர் இப்போது உயர்நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைக் குறிக்க நோட்டில் இடம் விட்டிருக்கிறேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

பதினோரு மணிக்கு என்று சொன்னவர் 10.16-க்கே வந்துவிட்டார். ரயில்வே கார்டு ஒருவர் தாமதமாக வருவார் என்றாவது எதிர்பார்க்கலாம். முன்னதாக வருவார் என்று யார் கண்டது? செல்வப்பிள்ளை சார் பளிச்சென்ற திருமண்ணும் மடிப்புக் கலையாத சட்டையுமாக உள்ளே காலடி வைத்ததும், வரவேற்புப் பத்திரம் போல எழுச்சி எண் 9 வெளியே வந்தது. முருகேசன் அண்ணன் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி போட்டார். வேறு இடமில்லை. மிச்ச இடத்திலெல்லாம் தாள்.

அவர் ஒன்று முதல் ஒன்பது வரை எடுத்து, வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றாகப் படித்தார்.

“நாலு நிமிஷத்துக்கு ஒண்ணா?”

“ஆமாம் சார்.”

“எல்லாத்துலயும் நலமா எழுந்துடுத்துன்னு போட்டிருக்கே. எழுந்தது எழுந்தே இருக்கப்படாதோ?”

அதற்குள் பத்தாவது வந்தது. அவர் திரையை உற்றுப் பார்த்தார். கறுப்பாகி, வெளுத்து, எழுத்துகள் ஓடி, மறுபடி கறுப்பாயிற்று.

“விழுந்து விழுந்து சேவிக்கறதே! வடகலையோ?” என்றார். (பெரியவர்களைச் சேவிக்கும்போது தென்கலையாரான நாங்கள் ஒரு தடவைதான் விழுந்து எழுவோம். வடகலையார் பல தடவை.) “நம்மாத்துல ஒரு தரம் போறுமே.”

முருகேசன் அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கல்யாணம் என் கண்முன்னாலேயே நாலு நிமிஷத்துக்கு ஒரு முறை அணைந்துகொண்டிருந்தது. மன்றாடும் குரலில் ஏழு பிராகாரக் கொள்கையை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“பிராகாரத்தை உள்ளேர்ந்துன்னா எண்ணுவா! வெளிலேர்ந்து யாராவது எண்ணுவாளோ? உங்க கணக்குப்படி பாத்தா பூஜ்யத்துலதான் பெருமாள் இருக்கணும். பூஜ்யம்னா என்ன ஆகும்?”

“அணைஞ்சு, அப்படியே கிடக்கும் சார்.”

“பின்னே? அங்கே பெருமாள் சயனத்துலதானே இருக்கார்!”

ஆகக் கம்ப்யூட்டரும் தெரியாது, கோயிலும் தெரியாது என்று ஆயிற்று. எழுச்சி எண் 14 வந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்தது.

“மாத்தறதுக்கு முன்னாடி அந்தக் கோப்புல என்ன இருந்தது? எங்கேயாவது எழுதி வெச்சிருக்கேளா?”

எழுதி வைத்திருக்கிறேனாவா! அன்று முதன்முறையாகப் பெருமையோடு நோட்டை நீட்டினேன். கை வைப்பதற்கு முன் அந்தக் கோப்பு முழுவதையும் வரி விடாமல், புள்ளி விடாமல், பார்த்துப் பார்த்து நகல் எடுத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரிகளைத் தொட்டபடி படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம் சார்.”

“ஆறாம் எண்: அணைஞ்சு மறுபடி எழும், இந்த எண்ணை இங்கே வைக்காதேன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. ‘வைக்காதே’ங்கறது மட்டும் பெரிய எழுத்துல. அதையும் நீங்கோ பெரிய எழுத்துலயே எழுதியிருக்கேள்.”

எழுதியிருந்தேன். அழகாகவே எழுதியிருந்தேன். படிக்கத்தான் இல்லை.

சரி, எண்ணைத் திருத்த வேண்டும். எப்படி? சர்வர் நின்றால்தானே உள்ளே போக முடியும்? அப்போதுதான் முருகேசன் அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

“தப்பா நெனைக்காதீங் தம்பி. ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கறப்ப திரைல மேல ஒரு பொட்டி வருதுங். அஞ்சு செகண்டுக்குள்ள எதாச்சும் ஒரு பட்டனை அமுக்குன்னு கேக்குதுங். நானும் காலைல இருந்து பாக்கறனுங், அந்த அஞ்சு செகண்டும் நீங்க குனிஞ்சு மணி எழுதிட்டிருக்கீங்.”

செல்வப்பிள்ளை சார் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். பிடுங்கினார் என்பது சரியான சொல். நான் எளிதில் விடவில்லை.

“மணியை நான் எழுதறேன். நாப்பது வருஷம் எழுதின கை. நீங்கோ பட்டனை அமுக்குங்கோ.”

10.52. பெட்டி வந்தது. அமுக்கினேன். சர்வர் முதல் தடவையாக நின்று, என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய ஒன்றாம் நிலைக்குப் போகச் சொன்னேன். போயிற்று. எழுச்சி எண் 18 அச்சாயிற்று (ஏழு ஃபோல்டரிலும் போட்டிருந்தேனே). ஆறை அழித்து ஐந்து என்று எழுதினேன். அணைத்து எழுப்பினேன். அதுவும் ஆறாம் நிலை வழியாகத்தான் என்பதால் அணையும்போது 19, ஐந்தில் எழுந்து நின்றதும் 20 வந்தன. இருபதில் மொத்தம் பதினெட்டுத் தாள்கள் சொன்னது பொய். பதினெட்டாவதும் இருபதாவதும் மட்டுமே மெய். சரக்குச் சீட்டு அச்சாகி, 11.20-க்கு லாரி கிளம்பியது. ஷைலஜா மேடம் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. பிரிண்டரை மட்டும் சர்வரிடமிருந்து பிரித்துத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார்.

செல்வப்பிள்ளை சார் காபி குடித்தார். வாசலுக்குப் போய்ப் போனை எடுத்து வைதேகியிடம் பேசினார். ஹாரன் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து, “தை மாசத்துல ஒரு நல்ல நாள் பாக்கச் சொல்லுங்கோ உங்கம்மாவை” என்றார்.

கல்யாணம் நடந்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அலாரம் அடித்து, நான் எழுந்து, மறுபடி போர்த்திக்கொண்டால், சமையலறையிலிருந்து வைதேகி எண்ணுவாள்: “எழுச்சி எண் ரெண்டு, நலமாக எழுந்தார்.” இப்போது என் மகளும் எண்ணுகிறாள், அவள் நேரமும் சேர்த்துச் சொல்கிறாள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அன்று அந்தப் போனில் என்ன பேசப்பட்டது? மாமனார் சொல்வது: “தன் தப்பை நிமிஷத்தோட எழுதி வெக்கற பிள்ளை பொய் சொல்ல மாட்டான், முடிச்சுடலாம்னு சொன்னேன்.” வைதேகி சொல்வது: “வேண்டாம்மா, ஒண்ணும் தெரியாத அசடுன்னுதான் சொன்னார். என்ன ஆச்சுன்னு கேட்டேன், சொன்னார், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சு, நான்தான் சரின்னேன்.” இருவரையும் தனித்தனியாகப் பலமுறை விசாரித்துவிட்டேன். இருவரும் வாக்குமூலத்தை மாற்றவில்லை. வேறு சாட்சி இல்லை. அந்த நேரத்தில் என் பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. ஆகவே, நான் எந்தக் காரணத்தால் ஏற்கப்பட்டேன் என்பது இந்தத் தேதி வரை உறுதிசெய்யப்படவில்லை.