பொற்கழலுக்கு ஒரு சாட்சி

மேட்டுநாட்டில் வீரத்துக்குப் பஞ்சமில்லை, சாட்சிக்குத்தான் பஞ்சம். அந்நாட்டின் மிக உயர்ந்த போர் விருது பொற்கழல், காலில் அணியும் தங்க வளையம். வீரச்செயலைத் தளபதி பதவிக்குக் குறையாத ஒருவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்பது விதி. தளபதிகள் போர்முனைப் பக்கம் அதிகம் போவதில்லை. ஆகவே இதுவரை பொற்கழல் வாங்கிய பதினோரு பேரும் தளபதிகளே. ஒருவரையொருவர் கண்டிருந்தார்கள், விருந்துகளில்.

காத்தாயிக்கு இந்த விதி தெரியாது. அவள் கணவன் ஆண்டியப்பன் கயிற்றுப் பாலத்தின் அக்கரையில் தனியாக நின்று எதிரிகளைத் தடுத்தான். நாற்பது பேர் இக்கரை சேர்ந்ததும் கயிற்றை வெட்டிவிட்டான். கடைசியாகக் கடந்த படைச் சமையல்காரர் பெரியான் அதைப் பார்த்தார். காத்தாயியும் பெரியானும் பொற்கழல் கேட்டு விருதமைச்சர் தர்மராயரிடம் போனார்கள்.

“சமையல்காரன் சாட்சி செல்லாது. உங்கள் படைத் தளபதி இரணசிங்கர் அங்கே இருந்தாரா?”

“அவரு குதிரையில எல்லாருக்கும் முன்னால போயிட்டாருங்க,” என்றார் பெரியான்.

“எதிரியை நோக்கியா?”

“இல்லீங்க. அரண்மனையப் பாத்து.”

அமைச்சர் ஓடிப்போனவர்கள் ஏட்டைப் புரட்டி ஆண்டியப்பன் பெயரை எழுதினார். “உடலும் இல்லை, சாட்சியும் இல்லை. அப்படிப்பட்டவன் ஓடிப்போனவன் என்பது சட்டம். நீ கேட்காமலிருந்தால் காணாமற்போனவனாகவே இருந்திருப்பான், அம்மா.”

“அந்த ஏட்டுல இருந்து அவரு பேர எடுக்காம நான் ஓயமாட்டேங்க,” என்றாள் காத்தாயி.

மாதத்தின் முதல் நாள் காலையில் அரண்மனை முற்றத்தில் ஓடிப்போனவர்களின் பெயர்கள் படிக்கப்படும். ஒவ்வொரு பெயருக்கும் ஊரே “ஓடினான்!” என்று கத்த வேண்டும். அந்தக் குடும்பங்களுக்குப் பொதுக்கிணற்றில் தண்ணீர் கிடையாது. காத்தாயி ஆற்றுக்கு நடந்தாள். கணவன் பெயர் வரும்போதெல்லாம் அவள் மட்டும் “நின்றார்!” என்றாள். அதற்காக உச்சிவேளை வரை முற்றத்துக் கல்லில் வெயிலில் நிறுத்தினார்கள். அடுத்த மாதமும் வந்து அதையே சொன்னாள்.

அவளைப் பார்த்து, போரிலிருந்து கணவன் திரும்பாத மற்ற பெண்களும் மனுக் கொடுத்தார்கள். அவர்களின் கணவன்மாரும் சட்டப்படி ஓடிப்போனார்கள். பட்டியல் முந்நூறானது. கத்திக் கத்தி ஊருக்குத் தொண்டை கட்டியது. வாய் அசையாதவர்களுக்கு அரிசி இல்லை என்று ஆணை வந்தது. காய்ச்சல்காரர்களையும் கட்டிலோடு தூக்கிவந்து கத்தவைத்தார்கள்.

நான்காம் ஆண்டில் இரணசிங்கருக்குப் பொற்கழல் அறிவிக்கப்பட்டது. போர்ச் செய்தியை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்த வீரத்துக்காக. அவர் வந்ததை அரண்மனை மாடத்திலிருந்து கண்டவர் அவருடைய மைத்துனர், அவரும் தளபதி. புகழைப் பங்குபோடக் கூடாது என்பதால் விழா முற்றத்தில் வேறு தளபதி எவரும் இருக்கலாகாது என்று இரணசிங்கர் கேட்டுக்கொண்டார். ஜனத்தை இரண்டு முறை கூட்டுவது சிரமம் என்று விழாவையும் பெயர் படிக்கும் காலையிலேயே வைத்தார்கள்.

முந்நூறு பெயர்களும் படிக்கப்பட்டன. முந்நூறு முறை ஊர் கத்தியது. மூச்சு விடாமல் கட்டியக்காரன் தொடர்ந்தான்: “தளபதி இரணசிங்கர்!”

“நின்றார்” என்று சொல்லும்படி மூன்று நாள் ஒத்திகை நடந்திருந்தது. அன்றும் கணவன் பெயருக்கு மாற்றிச் சொன்னதற்காகக் கல்லில் நிறுத்தப்பட்டிருந்த காத்தாயி முந்திக்கொண்டாள்.

“ஓடினார்!”

“ஓடினான்!” என்றது ஊர். ஒருமுறை அல்ல. கழல் தட்டோடு நின்றவனும் சேர்ந்து கத்தினான்.

சத்தம் அடங்கியதும் தர்மராயர் மேடையிலிருந்து இறங்கினார். “முதலில் கத்தியது யார்?”

எல்லோருக்கும் தெரியும். பெரியான்தான் வாய் திறந்தார். “நாங்க பாத்தது செல்லாதுங்களே, ஐயா. தளபதி யாராச்சும் பாத்திருந்தா சொல்லச் சொல்லுங்க.”

அமைச்சர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். இரணசிங்கரின் ஆசனம் காலியாக இருந்தது. வெளிவாசலில் குதிரைப் புழுதி இன்னும் அடங்கவில்லை.

காத்தாயி கல்லிலிருந்து இறங்கவில்லை.

“என் வீட்டுக்காரரு பேர மறுபடி கூப்பிடுங்கய்யா,” என்றாள். “ஜனம் இன்னும் கலையல.”