ஆறடி தூரத்தில் மெழுகுவர்த்தி

விளக்கு எரியவில்லை என்பதை முதலில் கவனித்தவள் மியூரியல்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மான்செஸ்டர் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் இரண்டாம் ஸ்டூடியோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, ஒரு வெள்ளிக்கிழமை. இருநூறு வருஷத்துப் பழைய மேடை நாடகம் ஒன்றை டி.வி.க்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'சீமாட்டி ஹார்க்கோர்ட்டின் மூன்று மாப்பிள்ளைகள்' என்று பெயர். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொல்லிக்கொண்டு யாருமே படிக்காத நாடகம்.

மியூரியலின் கையில் நேற்று எடுத்த புகைப்படம் இருந்தது. அதே அறை, அதே மேஜை, அதே விளக்கு. படத்தில் விளக்கு எரிந்தது, ஜன்னல் திரை மூடியிருந்தது. இன்று விளக்கு எரியவில்லை, திரை திறந்து கிடந்தது. நேற்றுப் பிடித்ததும் இன்று பிடிப்பதும் ஒட்டிப்போகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஆறு மாதத் தற்காலிக வேலை. அது இன்றோடு முடிகிறது. நிரந்தரம் ஆகாவிட்டால் திங்கட்கிழமை மூன்றாம் மாடிக்குப் போய் மிஸ் பின்ஃபோல்டின் கண்காணிப்பில் மறுபடி டைப் அடிக்க வேண்டும். மிஸ் பின்ஃபோல்ட் யாராவது கழிப்பறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்க்கிற பெண்மணி.

"டெஸ்மண்ட், நேத்து விளக்கு எரிஞ்சுது. இன்னிக்கு எரியலை. திரையும் மூடியிருந்தது" என்று மைக்கில் சொன்னாள்.

டெஸ்மண்ட் இயக்குநர். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். அவர் பேசுவது மியூரியலின் ஹெட்போனில் மட்டும்தான் கேட்கும். அதனால்தான் அந்த நிலையத்தில் இன்னும் கொலை எதுவும் விழவில்லை.

"இந்த ஸ்டூடியோவுல கண்ணைத் தொறந்து வச்சிருக்கறது நீ ஒருத்திதான். மத்ததெல்லாம் தண்டம். விளக்கைப் போடு, திரையை இழு, எல்லாத்தையும் நேத்து மாதிரியே ஆக்கு. ஒரு மணிக்குள்ள காட்சி முடியணும். அப்புறம் இந்த எடத்தை மல்யுத்த நிகழ்ச்சிக்காரங்க எடுத்துக்குவாங்க. முடிச்சுக் குடுத்தா திங்கக்கிழமை உனக்கு நிரந்தர ஆர்டர்."

"டெஸ்மண்ட் எல்லாருக்கும் நன்றி சொல்றார்" என்று மியூரியல் கீழே இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தாள்.

மணி பத்தே கால். திரையை மூடினார்கள். மின்சாரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பெரிய விளக்குகளை அணைத்தார்கள்.

"காலைல ஏழு மணிக்கு வந்து ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பெரிய விளக்கு கட்டினோம். இப்ப அணைன்னா என்ன அர்த்தம்? கட்டச் சொல்றதும் அவங்கதான், அவுக்கச் சொல்றதும் அவங்கதான்" என்றார் ரெஜ். மின்சாரக்காரர்களின் தலைவர், அவர்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

மியூரியல் மேஜை விளக்கின் அடியில் இருந்த சின்ன ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கண்ணு, கையை எடு."

சாமான் பிரிவு வில்ஃப். செட்டில் உள்ள நாற்காலி, தட்டு, கரண்டி எல்லாம் அவர் பொறுப்பு. வேறு யாராவது ஒரு ஸ்பூனை நகர்த்தினாலும் அவர் ஆட்கள் அப்படியே வெளியே நடந்துவிடுவார்கள்.

"அப்ப நீங்களே போட்டுடுங்க, வில்ஃப்."

வில்ஃப் விளக்கைத் தூக்கி அடியில் பார்த்தார். பார்க்க எண்ணெய் விளக்கு மாதிரி இருந்தாலும் உள்ளே சின்ன பல்பு. "அடடே, பல்பு இருக்கே. பல்பு ரெஜ் ஆளுங்க வேலை. நான் தொட்டேன்னு தெரிஞ்சா ரெஜ் ரகளை பண்ணிடுவான்."

ரெஜ் வந்து பார்த்தார். "உள்ள என்ன, பேட்டரியா? நாங்க பேட்டரி தொடறதில்லம்மா. சொவத்துலேர்ந்து வயர் வந்தா எங்களுது. வயர் இல்லாதது பொம்மை. பொம்மை வில்ஃபோடது."

"நேத்து யாரு போட்டாங்க?" என்று கேட்டாள் மியூரியல். கேட்டிருக்கக் கூடாது.

"அதான் நானும் கேக்கறேன்" என்றார் ரெஜ். அவர் குரல் மாறிவிட்டது. "நேத்து டியூட்டில இருந்த எவனோ ஒருத்தன் விதியை மீறிப் போட்டிருக்கான். இதை நான் சும்மா விடப் போறதில்ல."

ரெஜ்ஜும் வில்ஃபும் ஒரு மூலைக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சுவார்த்தை என்றால் தேநீர் வேண்டும். தேநீர் என்றால் பிஸ்கட் வேண்டும். மணி பதினொன்று ஆகிவிட்டது.

"என்ன பண்றாங்க அந்தத் தடிமாடுங்க?" என்று ஹெட்போன் அலறியது.

"டெஸ்மண்ட் உங்க பேச்சு எப்படிப் போகுதுன்னு அன்போட விசாரிக்கிறார்" என்றாள் மியூரியல்.

"அவசரப்படுத்தக் கூடாதுன்னு சொல்லு" என்றார் வில்ஃப்.

மியூரியலுக்கு மூன்றாம் மாடியின் டைப்ரைட்டர் சத்தம் காதில் கேட்கிற மாதிரியே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தாள், பாவம்.

"வில்ஃப், விளக்கே வேணாம். வெள்ளித் தண்டுல ஒரு மெழுகுவத்தி வச்சிடலாமா? நேத்து விளக்கு வச்ச எடத்துல இன்னிக்கு மெழுகுவத்தி. வெளிச்சம் இருந்தா போதும், எது எரியுதுன்னு யாரும் பாக்க மாட்டாங்க. பல்பும் இல்ல, பேட்டரியும் இல்ல."

வில்ஃபின் முகம் மலர்ந்தது. ரெஜ்ஜும் மறுப்புச் சொல்லவில்லை. டெஸ்மண்ட், "புத்திசாலி" என்றார். மெழுகுவர்த்தி வந்தது. வில்ஃப் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அதை ஏற்றினார்.

"மன்னிக்கணும்" என்றது ஒரு குரல்.

கதவோரம் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் தீயணைப்பு அதிகாரி பட்டர்வொர்த் எழுந்து வந்தார். அவர் இவ்வளவு உயரம் என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

"நிஜ நெருப்பு எரிஞ்சா, ஆறடிக்குள்ள ஒரு அதிகாரி மணல் வாளியோட நிக்கணும். விதி."

"நில்லுங்களேன்" என்றாள் மியூரியல்.

அவர் நின்றார். மேலே இருந்து ஒரு அலறல் வந்தது. "பதினெட்டாம் நூத்தாண்டு மாளிகையில எரும மாட்டு சைசுல ஒருத்தன் ஹெல்மெட்டோட நிக்கறான் பாரு. அவனைத் தூக்கி வெளிய எறி."

"மிஸ்டர் பட்டர்வொர்த், நீங்க ரொம்ப கம்பீரமா இருக்கீங்களாம். ஆனா கேமராவுல தெரியறீங்க."

"ஆறடின்னா ஆறடிம்மா. ஏழடியில நின்னு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு வேலை போயிடும்."

வேலை போய்விடும் என்பதைக் கேட்டதும் மியூரியலுக்கு அவர்மேல் பாசம் வந்துவிட்டது. உடுப்புப் பிரிவுக்கு ஓடினாள். பத்து நிமிஷத்தில் பட்டர்வொர்த் பச்சைப் பட்டுக் கோட்டும் வெள்ளைக் காலுறையும் பவுடர் போட்ட டோப்பாவுமாக மாளிகை வேலைக்காரனாக நின்றார். மணல் வாளிக்குப் பதில் வில்ஃப் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்து அதில் மணலைக் கொட்டினார்.

"என் பெண்டாட்டி பாக்கணும் இதை" என்றார் பட்டர்வொர்த். அவருக்குப் பரம சந்தோஷம்.

சந்தோஷப்படாதவர் ஹியூகோ. சர் கிறிஸ்பினாக நடிக்கும் மூத்த நடிகர். நீலப் பட்டு அங்கியைப் போர்த்திக்கொண்டு, மேஜையில் இருந்த அவித்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சி முழுக்க அவர் முட்டை சாப்பிட வேண்டும்.

"மியூரியல், கண்ணே, அந்த ஆளு யாரு?"

"தீயணைப்பு அதிகாரி, ஹியூகோ."

"வேஷம் போட்டிருக்கார். டோப்பா வச்சிருக்கார். கேமரா முன்னால நிக்கறார். அப்ப அவர் நடிகர். சங்கத்து அட்டை இருக்கா? நான்தான் இங்க நடிகர் சங்கப் பிரதிநிதி. என் மனசாட்சி இதை ஒத்துக்காது."

மேலே டெஸ்மண்ட் ஹியூகோவின் மனசாட்சியைப் பற்றி நெடுநேரம் பேசினார். அதை மியூரியல் மொழிபெயர்க்கவில்லை.

"ஹியூகோ, அவர் பேச மாட்டார். நடிக்க மாட்டார். மூஞ்சில எந்த உணர்ச்சியும் காட்ட மாட்டார்."

"நம்ம தொழில்ல பாதிப் பேர் அப்படித்தான். அவங்களும் சந்தா கட்டறாங்க."

"அவர் ஒரு சாமான்னு வச்சுக்குங்களேன்" என்று வில்ஃப் இடையில் புகுந்தார். "சாமான்னா என் பிரிவு. எனக்கு ஆட்சேபணை இல்ல."

ஹியூகோ யோசித்தார். சாமான் என்றால் சங்கத்துக்குச் சங்கடம் இல்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, அசையக் கூடாது. மணி பன்னிரண்டு.

கேமராக்கள் தயாராகும்வரை சும்மா நிற்கும் மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று மியூரியல் தன்னிடம் இருந்த நாடகப் பிரதியை பட்டர்வொர்த்திடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். "நல்லா எழுதியிருக்கான்" என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டு பதினைந்துக்குக் காட்சி தொடங்கியது. ஹியூகோ முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டினார். டெலியா, நாடகத்தில் அவருடைய தம்பி மகள், விசிறியோடு உள்ளே வந்தாள்.

"நேற்றிரவு விருந்தில் என்னை ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பெரியப்பா? நீங்கள் சொன்ன அந்த மாப்பிள்ளையை நான் கட்டிக்கொள்ள மாட்டேன்."

கோபத்தில் விசிறியைப் பட்டென்று விரித்தாள். மெழுகுவர்த்திச் சுடர் அவள் தொப்பி இறகுப் பக்கம் சாய்ந்தது.

பட்டர்வொர்த் ஒரே எட்டில் முன்னால் வந்து கிண்ணத்தைக் கவிழ்த்தார். மெழுகுவர்த்தி அணைந்தது. முட்டை மணலுக்குள் போனது. ஹியூகோவின் மடியிலும் ஒரு படி மணல் விழுந்தது.

"கடமை" என்றார் பட்டர்வொர்த்.

"சாமான் அசைஞ்சிடுச்சு" என்றார் ஹியூகோ, மணலைத் தட்டிக்கொண்டே.

டெலியா அழுதாள். உடுப்புக்காரிகள் துடைப்பத்தோடு ஓடிவந்தார்கள். பெருக்குவது யார் வேலை என்று ரெஜ்ஜும் வில்ஃபும் நிமிர்ந்து பார்த்ததைக் கண்டதும் மியூரியல் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். "இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இது முடியலைன்னா திங்கக்கிழமைலேர்ந்து நான் மேல டைப் அடிக்கணும். எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. உங்களையெல்லாம்கூடப் பிடிச்சிருக்கு, ஏன்னு எனக்கே தெரியலை. தயவுசெஞ்சு ஒரு தடவை, ஒரே தடவை, யாரும் எதையும் கேக்காம நில்லுங்க."

வில்ஃப் குனிந்து மேஜையைத் துடைத்தார். ரெஜ் ஒரு துணியை எடுத்து அவருக்கு உதவினார். ஒருவர் வேலையில் மற்றவர் கைவைத்தது அந்தக் கட்டடத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவை. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பட்டர்வொர்த், "விசிறியைக் கொஞ்சம் மெதுவா விரிம்மா" என்று டெலியாவிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

முட்டைதான் பிரச்சினை. கேன்டீனில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, அதுவும் கல் மாதிரி அவிந்திருந்தது. ஹியூகோ அதைப் பார்த்தார், மியூரியலைப் பார்த்தார். "உனக்காகத் தின்கிறேன்" என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொடங்கினார்கள். டெலியா விசிறியைக் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி விரித்தாள். ஹியூகோ முட்டையை மென்றுகொண்டே ஒரு பக்க வசனத்தையும் பேசி முடித்தார், ஒரு வார்த்தை பிசகவில்லை. பட்டர்வொர்த் கண்கூட இமைக்கவில்லை. சுடர் நிமிர்ந்து எரிந்தது. ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஹெட்போனில், "முடிஞ்சுது" என்று மட்டும் கேட்டது.

"டெஸ்மண்ட் என்ன சொல்றார்?" என்று கேட்டார் ரெஜ்.

"முடிஞ்சுதுன்னு சொல்றார்" என்றாள் மியூரியல். அன்றைக்கு அவள் மாற்றாமல் சொன்ன ஒரே சேதி அதுதான். எல்லாரும் கை தட்டினார்கள்.

சரியாக ஒரு மணிக்கு ரெஜ் விளக்குகளை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வேலையாட்கள் வந்து மாளிகைச் சுவரைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே இடத்தில் மல்யுத்த மேடை எழும்ப ஆரம்பித்தது. டெஸ்மண்ட் மாடியிலிருந்து இறங்கி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சொந்த வாயால் ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

"மியூரியல், இன்னிக்கு அந்த விளக்கை நீ பாக்கலைன்னா நாம நாடு பூரா சிரிக்க நின்னிருப்போம். மேல போய் உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன். இந்த மாதிரி கண்ணு லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும்னு எழுதறேன்."

அவர் போனதும் மியூரியல் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். கால் வலித்தது. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

பட்டர்வொர்த் டோப்பாவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து, நாடகப் பிரதியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்குப் பிடிச்ச வரைக்கும் படிச்சேம்மா. ரொம்ப நல்லா இருந்தது. ஒரே ஒரு எடம்தான் எனக்குப் புரியலை, நான் படிக்காதவன், தப்பா நெனைக்காதே. இன்னிக்குப் பிடிச்ச காட்சி இருக்கே, அதுல மொத வரியிலயே 'மறுநாள் காலை, ஜன்னல் வழியே நல்ல வெயில், சர் கிறிஸ்பின் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்'னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கும்மா மெழுகுவத்தி?"