தாலாத்தில் பதினேழு பேய்கள்

"மலைமேல தாலாத்துக்கே குடிபோயிடலாங்க" என்று மனைவி துயெத் சொன்னதுமே கியெமுக்குப் பல் கிட்டிவிட்டது. சைகோனில் மின்விசிறிக்கு அடியிலேயே அறுபது வருடத்தைத் தள்ளியவர் அவர். பனிக்கட்டி மிதக்கும் காபியும் தெருமுனையில் சதுரங்கம் ஆடும் நாலு கூட்டாளிகளும்தான் அவருடைய உலகம். மலைக்குளிரில் அதெல்லாம் ஏது? துயெத் என்ற பெயருக்கே பனி என்றுதான் அர்த்தம். ஒரு பனி போதாதா?

நேராக மறுத்தால் எடுபடாது. முப்பத்தைந்து வருட அனுபவம். ஆகவே, "முதல்ல நாலு நாள் போய்ப் பார்ப்போம்" என்று பெரிய மனது பண்ணி அழைத்துப் போனார். ஊரின் சரித்திரத்தைச் சொல்லியே அவளை விரட்டிவிடுவதென்று தீர்மானம். சரித்திரம் தெரியாது. அதனால் என்ன, பேய் தெரியுமே!

ஏரிக்கரையில் தொடங்கினார்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துல ஒரு துரையோட பொண்டாட்டி இதுல விழுந்து செத்தா. இன்னும் மூடுபனியில தொப்பியத் தேடிக்கிட்டுத் திரியறா."

"ஐயோ பாவம்! அப்புறம்?"

"அதோ பைன் மரம். அதுல ஒரு சமையல்காரன் தொங்கினான்."

"எதுக்குங்க?"

"குளிர் தாங்காமத்தான்!"

துயெத் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கியெமுக்கு உள்ளூரக் குஷி. பழைய பங்களாக்களில் ஒன்றைக்கூட விடவில்லை. மூன்றே நாளில் பதினேழு பேரைச் சாகடித்துப் பேயாக்கினார். தொண்டை கட்டியது, மூக்கு ஒழுகியது, முழங்கால் விண்விண் என்றது. அவர்கள் தங்கிய விடுதியிலிருந்த பத்துப் பேர் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே வந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

நாலாம் நாள் காலையில் பெட்டியைக் கட்டினார்.

"பயமா இருந்தா சொல்லிடு. மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிடலாம்."

"எனக்கென்ன பயம்?" துயெத் சூடான சோயாப் பாலை ஊதி ஊதிக் குடித்தாள். "நேத்தே விடுதிக்கார அம்மாகிட்டப் பேசிட்டேங்க."

"என்னத்தப் பேசினே?"

"உங்க பின்னாடி வந்தவங்கள்லாம், 'இந்தப் பெரியவரை விட்டுடாதீங்க'ன்னு அந்தம்மாகிட்டச் சொன்னாங்களாம். தினம் சாயங்காலம் நீங்க பேய்க்கதை சொல்லி ஊரச் சுத்திக் காட்டணும். நமக்கு மாடி அறையும் மூணு வேளைச் சோறும் இலவசம்."

கியெம் பெட்டிமேலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"அடியே, அத்தனையும் பொய்டி! இந்த ஊர்ல ஒரு பேயும் கிடையாது. வா, வீட்டுக்குப் போயிடலாம்!"

"பொய்னு எனக்குத் தெரியாதாங்க? ஆனா வீட்டுக்கு எப்படிப் போறது? நாம பஸ் ஏறின அன்னிக்கே அங்க புதுசாக் குடிவந்தவங்க சாமான இறக்கிட்டாங்களே!"