பின்னறையில் சுற்றிய சக்கரம்

அன்று சாயங்காலம் விளக்குப் போடப் போனபோதுதான் முதலில் கேட்டேன். ஆளில்லாத என் அறையில் யாரோ நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டக். டக். டக். அவசரமே இல்லாமல்.

எட்டிப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்த சைக்கிளின் பின்சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு டக். நின்றுவிட்டது. எனக்கு முதுகு சில்லிட்டுப் போனது. என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அந்தத் திருப்தியை அவருக்குக் கொடுப்பானேன்?

மகள் கல்யாணமாகிப் போன பிறகு எனக்கென்று முதல்முதலாகக் கிடைத்த அறை அது. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், அடுக்கடுக்காகத் துப்பறியும் நாவல்கள். கதவைச் சாத்திவிட்டால் "துண்டு எங்கே?" என்று ஒரு ஜீவன் கேட்காது. அந்த அறைமேல்தான் அவருக்குக் கண்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை பார்ப்பவர், தன் தொப்பையை மட்டும் பார்த்ததில்லை. வயசான காலத்தில் சைக்கிள் பந்தயப் பித்து பிடித்துவிட்டது. பந்தயத்துக்கு ஒரு சைக்கிள் ஏற்கெனவே இருந்தது. பயிற்சிக்குத் தனியாக இன்னொன்று வேண்டும், அதை நிறுத்த என் அறை வேண்டும் என்று ஆரம்பித்தார். சைக்கிள் ஒன்றே போதும், பயிற்சிக்குக் கனமான சக்கரம் ஒரு ஜோடி வாங்குங்கள், பந்தயத்தன்று இலேசான ஜோடியை மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். மாற்றும்போதெல்லாம் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும், கியர் முரண்டு பிடிக்கும் என்று அளந்தார். என்னோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவருக்கு ஒரு கியரா பெரிய முரண்டு?

கடைசியில் முனகிக்கொண்டே யாரோ ஓட்டிய பழைய சக்கரங்களை வாங்கி மாட்டினார். நாலு நாள் இங்கே நிற்கட்டும் என்று சைக்கிளை என் அறையிலேயே நிறுத்தினார். டக் டக் அன்றைக்கே ஆரம்பம்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் குரலைத் தாழ்த்தினார். சக்கரத்தின் பழைய சொந்தக்காரர் பந்தய வீரராம். மலை இறக்கத்தில் போனாராம்.

"வண்டி கீழ வந்துச்சாம். ஆள் வரலையாம்."

அப்படிப்பட்ட சக்கரத்தை நம் வண்டியில் மாட்டவே கூடாது, தனி சைக்கிளே வாங்கிவிடலாம் என்றார். "நீயும் பாவம், அந்த ரூம்ல தனியா உக்காராத."

என்னை அவர் "பாவம்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தேகம் அங்கேதான் விழுந்தது. தவிர, நான் கான்வென்ட்டில் தலைமைக் கன்னியாஸ்திரியின் காலடிச் சத்தத்துக்கு நடுங்கி வளர்ந்தவள். செத்த சைக்கிள்காரர் எனக்கு எந்த மூலைக்கு?

அவர் கடைக்குப் போனதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்சக்கரத்து நடுவில் சுற்றிய கறுப்பு நூல். அது ஜன்னல் வழியே வெளியேறிக் குளியலறைக்குள் போயிற்று; அங்கிருந்து இழுத்தால் இங்கே டக் டக். அதுவும் என் தையல் பெட்டி நூல். வெட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரம் வந்தார். நான் விளக்குப் போடவில்லை. முன்சக்கரத்தை ஒட்டி, கையைப் பின்னால் கட்டியபடி நின்றேன்.

"ஏங்க, அவர் வந்திருக்கார்."

"யாரு?"

"கீழ வந்து சேராதவர்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முன்சக்கரம் அசைந்தது. துளிச் சத்தமில்லை. மெல்லக் கீழ்நோக்கிச் சுழன்றது, நின்றது, எதையோ மறந்துவிட்டாற்போல் யோசித்தது. பிறகு வந்த வழியே திரும்பியது. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் சக்கரக் கம்பிகளின் நிழல் சுவரில் ஊர்ந்து அவர் முகத்தின்மேல் ஏறியது.

"யாரையோ தேடுறாப்புல இல்ல?" என்றேன்.

"இது... முன்சக்கரம்."

"ஆமா."

"நான் நூல் கட்டினது பின்சக்கரத்துலதானே..."

என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. கண் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

அப்போதே சைக்கிள் என் அறையை விட்டுப் போய்விட்டது. கடைக் கொல்லையில் நிறுத்தியிருக்கிறார். தனி சைக்கிள் பேச்சையும் காணோம். வேறு புதுச் சக்கரங்கள் வாங்கி, தானே மாற்றி மாட்டிக்கொள்கிறார், பட்டப்பகலில்.

சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வு இருக்கும் பக்கம்தான் கனம், அதை மேலே பிடித்து விரலை எடுத்தால் சக்கரம் தானாக இறங்கி முன்னும் பின்னும் ஆடும் என்று போன கல்யாண நாளன்று சாப்பாடு ஆறிப்போகும்வரை எனக்கு விளக்கியவர் அவரேதான். அவர் பேச்சை இந்த வீட்டில் காதுகொடுத்துக் கேட்பது நான் ஒருத்திதான், அவர்கூடக் கேட்பதில்லை.