நகரியில் படுத்திருந்த துரியோதனன்

“டேய் தரணி, உன் துரியோதனனுக்கு மூக்கக் காணோம்டா!”

ரேகா கத்தியபோது தரணியின் வாயில் இட்லி இருந்தது. விழுங்காமலே ஓடினான்.

நகரியில் எத்திராஜ் மாமாவின் விசைத்தறிக் கொட்டகையில் பாதியைக் காலி செய்து, வெள்ளையடித்து, விளக்கு மாட்டி, தரணியும் அவன் அக்கா ரேகாவும் அதற்கு ‘கேலரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுபாதியில் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கேலரியின் நடுவில், வெறுந்தரையில், ஆள் நீளத்துக்கு மல்லாந்து கிடந்தான் துரியோதனன். சுத்தமான ஏரிக் களிமண். வேறு யாரும் மாதிரிக்கு நிற்கச் சம்மதிக்காததால், தரணி தன் உடம்பையே அளவெடுத்துச் செய்தது.

அன்று மதியம் அலர்மேல்மங்கை மேடம் வருகிறார். டில்லியில் நடக்கப்போகும் பெரிய கண்காட்சிக்காகச் சின்னச் சின்ன ஊர்களாகப் போய், ஊருக்கு ஒன்று என்று தேர்ந்தெடுப்பவர். காளஹஸ்தியில் ஒரு கலம்காரித் துணி, சித்தூரில் ஒரு பாட்டுக் குழு, அலிபிரி பக்கம் ஒரு மரச் சிற்பம் என்று எடுத்தாகிவிட்டது. நகரிதான் பாக்கி. தரணி கண்ணை மூடினாலே டில்லி தெரிந்தது. பளிங்கு மண்டபம். ஜன்னலுக்கு வெளியே பனி. கம்பளிக் கோட்டு போட்டவர்கள் துரியோதனனைச் சுற்றி நின்று, ஒன்றும் பேச முடியாமல் மோவாயைத் தடவிக்கொள்கிறார்கள்.

மாமாவுக்கு வேறு ஏதோ தெரிந்தது. “அந்தம்மா செலக்ட் பண்ணாங்கன்னா இந்த எடம் உன்னுது நைனா. இல்லன்னா சாயங்காலமே இங்க ரெண்டு தறி எறங்கும். அந்தே, அவ்ளோதான்.”

தரணி குனிந்து பார்த்தான். மூக்கு இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

“யாருக்கா எடுத்தது?”

“பொன்னியம்மா அத்த. வந்தாங்க, கும்புட்டாங்க, ஒரு கிள்ளு கிள்ளி முந்தானையில முடிஞ்சிக்கினு போய்க்கினே இருந்தாங்க.”

“கேலரியில போய் கிள்ளுவாங்களா?”

“துரியோதனன் படுத்துக்கினு கீறான்னா மண்ணு எடுக்க வேணாமா? நீ எடுத்ததில்ல?”

எடுத்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள், திடலில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். கூத்தில் பீமன் வேஷம் கட்டியவர் வந்து தொடையில் அடிப்பார். அடி விழுந்ததும் ஊரே பாய்ந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துக்கொண்டு ஓடும். அந்த மண் வீட்டில் இருந்தால் நெல் குறையாது, தறி நிற்காது. வெள்ளைச் சுவருக்குள் கொண்டுவந்து மேலே விளக்குப் போட்டுவிட்டால் அதே மண் கலையாகிவிடும் என்று தரணி நம்பியிருந்தான்.

வாளியில் மிச்சமிருந்த களிமண்ணில் புது மூக்கு வைத்தான். பிறகு, யாரும் கிட்டே வராமலிருக்க, நான்கு கம்பு நட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினான்.

திருமலைக்குப் பக்கத்திலிருக்கும் மக்கள் கயிற்றைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? வரிசையில் நின்றார்கள். முதலில் நாலு பேர். அந்த நாலு பேர் நிற்பதைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே நாற்பது பேர். வாசலில் செருப்பு குவிந்தது. வரிசை நின்றால் சும்மா திரும்ப முடியுமா? ஆளுக்கொரு கிள்ளு. இடது காது போயிற்று. சுண்டுவிரல் போயிற்று.

“அக்கா, போர்டு வைக்கலாம்!”

‘தொடாதீர்கள்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதி மாட்டினான். வரிசையில் முதலில் நின்ற ரத்னம்மா அதைப் படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அய்யய்யோ, மடி போலகீதுடி! குளிக்காம தொடக்கூடாதாம்.”

வரிசை ஒரே நிமிடத்தில் கலைந்தது. தரணி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். அரை மணியில் எல்லோரும் தலை முழுகி, ஈரப் புடவையும் ஈர வேட்டியுமாகத் திரும்பி வந்தார்கள். ஈரக் கையில் களிமண் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டு வந்தது. தாடை முழுசாகப் போயிற்று.

“ஆள் வைக்கணும்க்கா. பெரிய ஆளா. பார்த்தாலே பயப்படணும்.”

பெரிய ஆள் என்றால் அந்த ஊரில் வேதாச்சலம்தான். சாயப் பட்டறையில் வேலை. ஆறடி உயரம், இருமினால் நாய்கள் எழுந்து நிற்கும். தரணி பைக்கில் போய் அழைத்துவந்தான்.

“நா இன்னா பண்ணணும் தம்பி?”

“ஒண்ணுமே பண்ண வேணாம்ண்ணே. சும்மா பக்கத்துல நில்லுங்க.”

“கை வெறுமையா இருந்தா எனக்கு நிக்க வராது” என்று அவர் கதாயுதத்தையும் எடுத்துக்கொண்டார்.

அப்போதாவது தரணி யோசித்திருக்க வேண்டும். பதினைந்து வருஷமாக அந்த ஊர்க் கூத்தில் பீமன் வேதாச்சலம்தான்.

துரியோதனன் படுத்திருக்க, பீமன் பக்கத்தில் போய் நின்றதும் வரிசை மூச்சை நிறுத்தியது. “பீமன் வந்துட்டாருடோய்!” என்று ஒரு குரல். செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து எவனோ பம்பையைக் கொண்டுவந்துவிட்டான். மேளம் கிளம்பியது. தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். எத்திராஜ் மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வேதாச்சலம் தரணியைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பி, மேளம் வந்துட்ச்சி.”

“அதுக்கு இன்னாண்ணே?”

“கால் நிக்காதே தம்பி.”

நிற்கவில்லை. கயிற்றைத் தாண்டினார், மூன்று சுற்றுச் சுற்றினார், ஒரு கர்ஜனை, தொடையில் ஒரே அடி. அதற்கப்புறம் தரணிக்குக் கைகள்தான் தெரிந்தன. கூட்டம் வடிந்தபோது கேலரியின் நடுவில், தரையில், மனித உருவத்தில் ஓர் ஈரக் கறை மட்டும் இருந்தது. தரணி குனிந்து பார்த்தான். அவன் கையிலும் ஒரு பிடி மண் இருந்தது. பழக்கம்.

கைபேசி ஒலித்தது. மேடத்தின் உதவியாளர் சுதீர். “சார், புத்தூர் தாண்டிட்டோம். மேடம் ரொம்ப ஆர்வமா இருக்காங்க!”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தறி வைக்க இடத்தைக் காலடியால் அளக்க ஆரம்பித்தார்.

ரேகா தம்பியைப் பார்த்தாள். கறையைப் பார்த்தாள். மறுபடி தம்பியைப் பார்த்தாள்.

“சட்டையக் கழட்டு.”

“இன்னாக்கா?”

“உன்ன அளவெடுத்துதானே அவனச் செஞ்ச? இப்போ உன்னயே அவனாச் செய்யலாம். படு.”

வாளி மண் முழுவதும் அவன்மேல் ஏறியது. நெஞ்சு, கை, கன்னம், மீசை.

“அக்கா, மூச்சு வுடணுமே.”

“மெதுவா வுடு. துரியோதனனும் இன்னும் சாவலியே.”

“மூக்கு அரிக்குது.”

“டில்லிய நெனச்சுக்கோ.”

கார் கதவு சாத்தும் சத்தம். அலர்மேல்மங்கை உள்ளே வந்தார்; நரைத்த குட்டை முடி, பருத்திப் புடவை, கழுத்தில் கண்ணாடி. கூடவே சுதீர். மேடம் துரியோதனனைச் சுற்றி மெதுவாக நடந்தார். தரணிக்குத் தன் இதயம் பம்பை அடிப்பதுபோல் கேட்டது. நல்லவேளை, மறுபாதியில் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன.

“சிற்பி எங்கே?”

“வெளிய போய்க்கிறான் மேடம். ரொம்ப வெக்கப்படுவான்” என்றாள் ரேகா.

மேடம் குனிந்தார். “மண் காயவே இல்லையே.”

“நேத்து நல்ல மழ மேடம்” என்றார் மாமா. நகரியில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

மேடத்தின் விரல் துரியோதனனின் நெற்றியைத் தொட்டது. “சூடா இருக்கே.”

“வெய்யிலு மேடம்.”

“மழைன்னீங்க?”

“மழ வுட்டு வெய்யிலு.”

ஓர் ஈ வந்து மீசையில் உட்கார்ந்தது. தரணி பனியை நினைத்தான், பளிங்கை நினைத்தான், கம்பளிக் கோட்டுகளை நினைத்தான். ஈ மூக்கை நோக்கி நடந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பெரிய நிழல் விழுந்தது.

“இன்னொரு துரியோதனனா?” என்றார் வேதாச்சலம், கண் பளபளக்க. “சொல்லவே இல்லியேம்மா!” கதாயுதம் தோளுக்கு மேலே போனது.

“அண்ணே, வேணாம்!” என்று ரேகா அலறினாள். துரியோதனனின் தொடை நடுங்கியது.

அலர்மேல்மங்கை நடுவில் வந்து கையை நீட்டினார். “நிறுத்துங்க! இதை யாரும் தொடக்கூடாது. இது டில்லிக்குப் போகுது.”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு மாமாதான் முதலில் கத்தினார். “செலக்ட்டா மேடம்? நெஜமாவா?”

“இத்தனை வருஷமா ஊர் ஊராப் போறேன். உயிரோட இருக்கிற மாதிரி ஒரு சிலையை இப்பத்தான் பார்க்கிறேன்.”

ரேகா அழுதுகொண்டே சிரித்தாள். மாமா வேதாச்சலத்தைக் கட்டிப்பிடிக்கப் போய், பாதிதான் கட்டிப்பிடிக்க முடிந்தது. “வாங்க மேடம், டீ சாப்ட்டே ஆவணும்! இனிமே இந்த எடம் என் மருமவன் கேலரி!” என்று எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

“மத்த ஏற்பாடெல்லாம் சுதீர் பார்த்துப்பார்” என்று மேடம் போகிறபோக்கில் சொன்னது தரணியின் காதில் விழுந்தது.

மல்லாந்தபடியே அவன் கொண்டாடினான். டில்லி! கால் கட்டைவிரல் தானாக ஆடியது. அடுத்த நொடிதான் உறைத்தது. ஏற்பாடு என்றால்? மரப்பெட்டி. வைக்கோல். ஆணி. எழுந்து ஓடினால் சிலையும் இல்லை, கேலரியும் இல்லை. ஓடாவிட்டால் பெட்டிக்குள் எத்தனை நாள்? காற்றுக்கு ஓட்டை போடுவார்களா? தாகம் எடுத்தால் யாரைக் கூப்பிடுவது?

காலடிச் சத்தம் திரும்பி வந்தது. சுதீர் பக்கத்தில் மண்டியிட்டான். கைபேசியை எடுத்து ஏதோ தட்டினான். பெட்டிக்காரனுக்குச் சொல்கிறான் போலிருக்கிறது என்று தரணி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

சுதீர் துரியோதனனின் காதருகே குனிந்து மரியாதையாகக் கேட்டான்:

“சார், திருப்பதியிலேர்ந்து ட்ரெயின்ல உங்களுக்கு லோயர் பெர்த் போடச் சொன்னாங்க மேடம், வயசு என்னன்னு போடட்டும்?”