ஆதாரம் அங்கிளும் முதல் பந்தியும்

அமெரிக்காவில், சன்னிவேலில் இருந்த அத்தனை தமிழர்களிலும் பச்சை விளக்கை நம்பாத ஒரே ஆள் ஆதாரம் அங்கிள்தான். சிக்னல் பச்சைக்கு மாறினாலும் இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், பின்னால் நிற்கிறவன் ஹாரனை அமுக்கி ஓய்ந்த பிறகுதான் நகருவார். "பச்சைன்னு லைட்டு சொல்லுது. அந்தப் பக்கத்துக்காரன் நிப்பான்னு என்னடே ஆதாரம்?" என்பார். தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கார் கிடையாது. ஞாயிறுதோறும் அவர் காரில்தான் ஆராதனைக்குப் போய்வந்தேன். எல் கமீனோ ரோட்டில் பாதி வசவு எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

சாப்ட்வேர் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு லீவு விடமாட்டார். அமெரிக்கர்களின் சர்ச் ஒன்றை மதியத்துக்கு மட்டும் இரவல் வாங்கி எங்கள் தமிழ்ச் சபை கூடும். ஒருநாள் ஒருவர் எழுந்து, ஜெபத்தினால் தலைவலி பறந்துபோனதாகச் சாட்சி சொன்னார். பின்வரிசையிலிருந்து குரல் வந்தது: "அன்னைக்கு மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

இப்படிப்பட்டவர் ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்தார். எதைப் பற்றி? இங்கிலாந்தில், அவர் காலே வைத்திராத ஒரு கடற்கரை ஊரின் கோயில்களைப் பற்றி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, சந்தேகம் வந்தது. நான் வடக்கூர், அவர் தெக்கூர். இரண்டு ஊர்க் கோயிலையும் கட்டியவர் ஒரே வெள்ளைக்காரப் பாதிரியார். அந்தப் பாதிரியார் பிறந்ததோ அந்தக் கடற்கரை ஊர்.

விவகாரம் இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு சபையாரும் சேர்ந்து அசனம் கொண்டாடுவோம். ஆட்டுக்கறிக் குழம்போடு ஊருக்கே சோறு. மூத்த கோயில்காரர்களுக்கு முதல் பந்தி. தெக்கூர்க் கோயிலின் அஸ்திவாரக் கல்லில் பொறித்திருந்த வருஷம் எங்கள் கல்லில் இருந்ததைவிட முந்தியது. ஆகவே எங்கள் சனம் என் தாத்தா காலத்திலிருந்து இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து, கத்தரிக்காய் மட்டும் மிதக்கிற குழம்பைச் சாப்பிட்டது. அந்தக் கல்லில் ஏதோ தில்லுமுல்லு என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். நிரூபிக்கத்தான் ஆளில்லை. இப்போது இந்த மனுஷன் இங்கிலாந்து வரை துருவி முதல் பந்தியை நிரந்தரமாக எழுதி வாங்கப் பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன்.

அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மேஜைமேல் கிடந்த தாள்களைக் கள்ளத்தனமாகப் படித்தேன். அந்த ஊரிலும் அதே சண்டை! மேட்டுக் கோயிலுக்கும் கடலோரக் கோயிலுக்கும் யார் மூத்தவர் என்று போட்டி. கடலோரத்துப் பழைய கோயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு கட்டிய புதுக்கோயிலில் பழைய வருஷத்தையே பொறித்துவைத்திருந்தார்கள். "தண்ணிக்குள்ள போனதோட வயசைக் கரையில நிக்கிறது எப்படிச் சொல்லிக்கிடலாம்?" என்று அந்தக் கோயில் பாதிரியாருக்கே கடிதம் போட்டார் அங்கிள். பதில் வரவில்லை. எப்படி வரும்?

ஆனால் மேட்டுக் கோயில் ஆபீஸில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருக்கு இந்தக் கேள்வி தேனாக இனித்திருக்கிறது. வெளிநாடு போன பாதிரியார்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் அச்சான பழைய சபைப் பத்திரிகைகளை எல்லாம் காப்பி எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்.

ஒருநாள் ஆன்ட்டி காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "லண்டன் லெட்டர் வந்து மூணு வாரமாச்சு தம்பி. கார் டேஷ்போர்டுல வச்சுப் பூட்டிருக்காக. என்கிட்டயே காட்டல." ஆன்ட்டிக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். எனக்குப் புரிந்துவிட்டது. தெக்கூருக்குப் பாதகமான கடிதம், அதனால்தான் பதுக்குகிறார்! மறு ஞாயிறு காரில் நேராகவே கேட்டேன்.

"லெட்டர் வந்துச்சாமே அங்கிள்?"

"ஒண்ணு வந்திருக்கு. ஒண்ணு போதாதுடே."

பச்சை விளக்கு விழுந்தும் நகரவில்லை.

சன்னிவேல் சபையின் முதல் அசனம் வந்தது. அலுமினியத் தட்டுகளில் சோறு, பெரிய டப்பாக்களில் குழம்பு. ஜெபம் முடிந்ததும் ஆதாரம் அங்கிள் மைக்கைப் பிடித்தார். கையில் இரண்டு தாள்.

"ஒண்ணு நம்ம கோயில்களைக் கட்டின பாதிரியார் தன் ஊருக்கு எழுதின லெட்டர். இன்னொண்ணு அவரு சம்சாரம் எழுதினது. வடக்கூர்க் கோயிலுக்குக் கூரை போட்டாச்சு, இனிமேத்தான் தெக்கூர்ல அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும்னு ரெண்டு பேரும் சொல்லுதாக." தாள்களை மடித்துப் பையில் வைத்தார். "எங்க பழைய கல்லு உடைஞ்சப்போ புதுக்கல்லு வச்சது எங்கப்பா. வருஷத்தை முந்தினதாப் பொறிச்சிட்டாரு. எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். இப்ப ஆதாரம் இருக்கு. முதல் பந்தி வடக்கூருக்கு. எந்திரிச்சு வாடே."

சன்னிவேலில் வடக்கூர் என்றால் நான் ஒருத்தன்தான். நீள மேஜையில் தனியாக உட்கார்ந்தேன். சபையே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அங்கிள் கரண்டி கரண்டியாகக் கறியை அள்ளிப் போட்டார். என் ஊரே ஏங்கிய பந்தி அது. ஒரு வாய் இறங்கவில்லை. இத்தனை மாதம் அவரைத் திருடனாக நினைத்திருந்தேன்.

"நீங்களும் உக்காருங்க அங்கிள்."

"நான் ரெண்டாம் பந்திடே. சட்டம்னா சட்டம்."

தட்டை மூடிவைத்துக் காத்திருந்தேன். இரண்டாம் பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது குழம்பில் கத்தரிக்காய்தான் மிதந்தது. என் கறியில் பாதியை அவர் தட்டில் வைத்தேன். அது ஆட்டுக்கறிதானா என்றுகூட அவர் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.